கடற்காற்று தின்ற விமானம்!

பாம்பன் பாலமும் உலோகக் களைப்பும்

பாம்பன் கடலின் மேல் புதிய ரயில் பாலம் நிமிர்ந்து நிற்கிறது. 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6-ந் தேதி பிரதமர் நரேந்திர மோடி அதைத் திறந்து வைத்தார். பாலத்தின் நீளம் 2 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். கப்பல் வந்தால், நடுவே உள்ள 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்பி வழி விடும்.

பக்கத்திலேயே இருந்த பழைய பாலத்துக்கு என்ன ஆயிற்று?

அது 1914-ல் திறக்கப்பட்டது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் அந்தப் பாலத்தையும் சின்னாபின்னப்படுத்தியது. ஆனாலும் சில வாரங்களிலேயே பழுது பார்த்து, மறுபடியும் ரயில் விட்டார்கள். புயல் செய்ய முடியாததைத் துரு செய்தது. தூக்குப் பகுதி துருவேறிப் பலவீனமாகி, 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டன.

புதிய பாலத்திலும் துருவைப் பற்றிய பேச்சு தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 2024 நவம்பரில் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் பாலத்தைச் சோதித்தார். ரயில் விட அனுமதி கொடுத்தார். ஆனால் வேகத்துக்கு வரம்பு வைத்தார். பாலத்தின் மேல் மணிக்கு 75 கிலோ மீட்டர். தூக்குப் பகுதியில் 50 கிலோ மீட்டர்தான். பற்றவைத்த இடங்களைப் பற்றியும், துருவைப் பற்றியும் அவர் குறைகளை எழுதினார். கடற்காற்றைத் தாங்கும் தனிவகை வர்ணம் பூசியிருக்கிறோம், துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் போட்டிருக்கிறோம் என்று ரயில்வே பதில் சொன்னது.

"ரயிலின் கனத்தைப் பாலம் தாங்குமா?" என்றுதான் நாம் எல்லோரும் கேட்கிறோம். நியாயமான கேள்வி. ஆனால் பாதிக் கேள்வி. ரயிலின் கனத்தோடு காற்றும் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும் என்பது மீதிப் பாதி. அதற்கு விடை தெரிய, 1988-ல் ஹவாய்த் தீவுகளில் நடந்த ஒரு விபத்தைப் பார்க்க வேண்டும்.

கூரை பறந்தது!

பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே இருக்கின்றன ஹவாய்த் தீவுகள். அமெரிக்காவைச் சேர்ந்தவை. ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போக அங்கே விமானம்தான், நமக்குப் பஸ் மாதிரி. ஏறினால் அரை மணியில் இறங்கிவிடலாம்.

1988-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி. அலோஹா என்ற கம்பெனியின் போயிங் 737 விமானம் ஹிலோவிலிருந்து ஹோனலூலுவுக்குப் புறப்பட்டது. உள்ளே 95 பேர். ஆகாயம் தெளிவாக இருந்தது. புயல் இல்லை, மழை இல்லை. விமானம் 24,000 அடி உயரத்தை எட்டியது.

திடீரென்று பலத்த சத்தம்!

விமானிகள் திரும்பிப் பார்த்தார்கள். முதல் வகுப்புக் கூரை இருக்க வேண்டிய இடத்தில் நீல ஆகாயம் தெரிந்தது! விமானத்தின் முன்பக்கத்தில் 18 அடி நீளத்துக்குக் கூரையும் பக்கச் சுவர்களும் பிய்த்துக்கொண்டு போய்விட்டன. பிரயாணிகள் திறந்த வெளியில், இடுப்பு வாரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த வார்தான் அவர்களைக் காப்பாற்றியது. நடைபாதையில் நின்று வேலை செய்துகொண்டிருந்த ஒரு பணிப்பெண்ணைக் காற்று வெளியே இழுத்துக்கொண்டது. அவரது உடல் கிடைக்கவே இல்லை.

விமானிகள் மனம் தளரவில்லை. எஞ்சின்களில் ஒன்று நின்றுபோயிற்று. அப்படியும் சுமார் 13 நிமிடத்தில் மாவித் தீவில் இறக்கிவிட்டார்கள். 65 பேருக்குக் காயம். மற்ற 94 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

இதில் ஒரு விஷயம் மனத்தை உறுத்துகிறது. விமானத்தில் ஏறும்போதே ஒரு பெண்மணி, வாசல் கதவுக்குப் பக்கத்தில் தகட்டில் நீளமான ஒரு விரிசலைப் பார்த்திருக்கிறார். "நமக்கு என்ன தெரியும்? அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று நினைத்தாரோ என்னவோ, யாரிடமும் சொல்லவில்லை. விபத்துக்குப் பிறகு விசாரணையில்தான் இது வெளியே வந்தது.

உலோகத்துக்குக் களைப்பு உண்டா?

வீட்டில் ஒரு துண்டுக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். கையால் இழுத்தால் அறுபடாது. அதையே ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் பட்டென்று ஒடிந்துவிடும். ஒருமுறை வளைத்ததில் அது ஒடியவில்லை. பலமுறை வளைத்ததில் ஒடிந்தது. இதைத்தான் உலோகக் களைப்பு என்கிறார்கள். மனிதனுக்கு வரும் களைப்பு தூங்கினால் போய்விடும். உலோகத்தின் களைப்பு போகாது. சேர்ந்துகொண்டே இருக்கும்.

விமானத்துக்கு இந்த வளைப்பு எங்கிருந்து வருகிறது? மேலே போகப் போகக் காற்று லேசாகிவிடும். மூச்சு விட முடியாது. ஆகவே விமானத்துக்குள் காற்றை அடைக்கிறார்கள். பலூன் ஊதுவது போல விமானத்தின் உடல் சற்றே உப்பும். கீழே இறங்கினால் பழையபடி சுருங்கும். ஒரு பயணத்துக்கு ஓர் உப்பல், ஒரு சுருங்கல். பத்து மணி நேரம் பறந்தாலும் ஒன்றுதான். அரை மணி பறந்தாலும் ஒன்றுதான்.

ஹவாய் விமானம் 35,496 மணி நேரம் பறந்திருந்தது. மணிக் கணக்கில் அது பெரிதல்ல. அந்த வகை விமானத்துக்குக் கம்பெனி போட்ட கணக்கு 51,000 மணி நேரம். ஆனால் அது செய்த பயணங்கள் 89,680! பயணத்துக்குப் போட்டிருந்த கணக்கோ 75,000. சராசரியாக 24 நிமிடத்துக்கு ஒருமுறை உப்பிச் சுருங்கிய விமானம் அது.

இத்தனை பயணம் போதாதா உடைவதற்கு என்று கேட்கலாம். இத்துடன் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அந்த விமானம் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கடல் ஓரத்தில் கழித்தது. இரவும் பகலும் உப்புக் காற்று.

ஈரம் செய்த வேலை

விமானத்தின் உடல் ஒரே தகடு அல்ல. மெல்லிய அலுமினியத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு படியும்படி வைத்து, நடுவே பசைத் துணி ஒட்டி, மேலே மூன்று வரிசை ரிவெட் ஆணி அடித்திருப்பார்கள். பசைதான் பாரத்தைத் தாங்க வேண்டும். ரிவெட் அதற்குத் துணை.

இந்தப் பசையில்தான் முதல் கோளாறு. அந்த நாளில் பசைத் துணியைக் குளிர்ச் சாதனத்தில் வைத்திருந்து எடுத்து ஒட்டினார்கள். குளிர்ந்த தண்ணீர் நிறைந்த செம்பின் வெளிப்பக்கம் எப்படி வியர்க்கிறது? அதேபோலக் குளிர்ந்த பசைத் துணியின் மேல் காற்றிலுள்ள ஈரம் படிந்தது. சில இடங்களில் பசை சரியாகப் பிடிக்கவில்லை. விமானம் பறப்பதற்கு முன்பே காற்றின் ஈரம் தன் வேலையைத் தொடங்கிவிட்டது!

பசை விட்ட இடத்தில் மயிரிழை போன்ற ஓர் இடுக்கு. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, அந்த இடுக்கு ஈரத்தை உறிஞ்சியது. ஈரத்தோடு உப்பும் போயிற்று. உப்பின் குணம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்த்துப் போகிறது அல்லவா? உப்பு இருக்கும் இடத்தில் ஈரம் லேசில் காயாது. உள்ளே அலுமினியம் அரித்தது. அரித்த பொடி, அரிபடாத உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அது தகடுகளைப் பிரித்துத் தள்ளியது. பசை மேலும் விட்டது.

இப்போது பாரம் முழுவதும் ரிவெட் ஓட்டைகளின் விளிம்பில் வந்து விழுந்தது. ஒவ்வொரு ஓட்டையின் ஓரத்திலும் கண்ணுக்குத் தெரியாத சிறு விரிசல். பயணத்துக்குப் பயணம் அது கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. 1988 ஏப்ரல் 28-ந் தேதி பக்கத்துப் பக்கத்து விரிசல்கள் கைகோத்துக்கொண்டன. தபால் தலைத் தாளை ஓட்டை வரிசையில் கிழிப்பது போலக் கூரை கிழிந்தது.

காற்று இல்லாவிட்டால்?

சுற்றியுள்ள காற்றுக்கு இவ்வளவு சக்தியா என்ற சந்தேகம் புதிதல்ல. முதல் உலக யுத்தத்தின்போதே எழுந்தது. கடலில் மிதக்கும் கண்ணி வெடிகளை அறுக்க, கப்பல்கள் ஒரு கருவியைப் பின்னால் இழுத்துச் செல்லும். அதைக் கட்டிய எஃகுக் கயிறுகள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் அறுந்தன. பிரிட்டிஷ் பேராசிரியர் ஹே என்பவர் இதை ஆராய்ந்து, அசைவும் உப்புநீரும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் வரும் கேட்டை 1917-ல் எடுத்துச் சொன்னார்.

'ஒரே நேரத்தில்' என்பதைக் கவனியுங்கள். முதலில் துருப்பிடிக்க விட்டு, பிறகு காயவைத்து வளைத்தால் ஒரு கேடு. உப்பு நீரில் நனைந்துகொண்டிருக்கும்போதே வளைத்தால் அதைவிடப் பெரிய கேடு. இரண்டு எதிரிகள் தனித்தனியே வருவது வேறு, கூட்டுச் சேர்ந்து வருவது வேறு.

1930-களில் இங்கிலாந்தின் தேசியப் பௌதிகப் பரிசோதனைச் சாலையில் கஃப், சாப்வித் என்ற இருவர் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். உப்பும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். சாதாரணக் காற்றையே எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். காற்றை உறிஞ்சி எடுத்த கூட்டுக்குள் உலோகத் துண்டுகளை வைத்து, திரும்பத் திரும்ப இழுத்தும் அழுத்தியும் சோதித்தார்கள். செம்பும் பித்தளையும் வெளியில் இருந்ததைவிட நெடுநாள் தாங்கின! சில உலோகங்களில் வித்தியாசம் குறைவுதான். ஆனால் ஓர் உண்மை வெளிப்பட்டது. நாம் சுத்தமானது என்று நினைக்கும் காற்றே உலோகத்துக்குச் சும்மா இருப்பதில்லை.

ஏன் அப்படி? விரிசலின் நுனி ஒவ்வொரு முறை திறக்கும்போதும், அதுவரை வெளிச்சம் காணாத புது உலோகம் வெளியே வருகிறது. அரிவாள்மணையில் நறுக்கிய வாழைக்காய் போல. காற்று பட்டதும் வாழைக்காய் கறுக்கிறது. உலோகத்தின் மேலும் ஒரு மெல்லிய தோல் உடனே படிகிறது. காற்றே இல்லாவிட்டால் விரிசல் மூடும்போது இரண்டு பக்கமும் ஓரளவு மறுபடி ஒட்டிக்கொள்ள வழி உண்டு. தோல் படிந்துவிட்டால் ஒட்டாது.

அலுமினியத்தில் இன்னொரு தொல்லை. புது அலுமினியம் காற்றிலுள்ள நீராவியோடு சேர்ந்து ஹைட்ரஜனை விடுவிக்கும். அந்த ஹைட்ரஜன் விரிசல் நுனிக்குள் நுழைந்து, உலோகத்தை அப்பளம் போல மொறுமொறுப்பாக்கிவிடும். ஈரமில்லாத இடத்தில் மெதுவாக நகரும் விரிசல், ஈரக் காற்றில் பல மடங்கு வேகமாக ஓடுவதைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. எஃகு உப்புநீரில் இருந்தால், விரிசல் நுனியில் உலோகமே சிறிது சிறிதாகக் கரைகிறது.

காப்புக் கோடு அழிந்தது

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பொறியாளர்களுக்கு எஃகின் மேல் ஒரு நம்பிக்கை இருந்தது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே பாரம் இருந்தால், எத்தனை லட்சம் முறை ஏற்றி இறக்கினாலும் எஃகு உடையாது என்பது அந்த நம்பிக்கை. உலர்ந்த காற்றில் அது பெரும்பாலும் சரி. உப்புநீரில் அந்தக் காப்புக் கோடே கிடையாது! சின்னப் பாரமாக இருந்தாலும், நாள் ஆக ஆக ஒரு நாள் உடைக்கும்.

"அப்படியானால் உயர்ந்த ரக எஃகாகப் போட்டுவிடலாமே?" என்று தோன்றும். 1920-களில் அமெரிக்கக் கடற்படைப் பரிசோதனைச் சாலையில் மக்காடம் என்பவர் அதையும் சோதித்துப் பார்த்தார். சாதாரண எஃகு, பலம் கூட்டிய எஃகு இரண்டையும் தண்ணீர் பட வளைத்தார். உலர்ந்த இடத்தில் பலசாலியாக இருந்த எஃகு, தண்ணீர் பட்டதும் சாதாரண எஃகின் நிலைக்கே வந்துவிட்டது. துருப்பிடிக்காத எஃகுதான் ஓரளவு சமாளித்தது. பலத்துக்குக் கொடுத்த காசு தண்ணீரில் போயிற்று!

இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. பரிசோதனைச் சாலையில் ஒரு துண்டை நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை ஆட்டிச் சோதிப்பார்கள். சீக்கிரம் விடை வேண்டுமே! ஆனால் அரிப்புக்கு நேரம் வேண்டும். வேகமாக ஆட்டினால் உப்பு தன் வேலையைச் செய்ய அவகாசம் கிடைப்பதில்லை. மெதுவாக அசைந்தால் ஒவ்வோர் அசைவிலும் கேடு அதிகம். ஆகவே ஒரு வாரத்தில் முடித்த சோதனையை வைத்துக்கொண்டு, கடலோரத்தில் முப்பது வருஷம் நிற்கப்போகும் பொருளுக்கு ஆயுள் சொன்னால் ஏமாந்துபோவோம்.

கடல் இல்லாத ஊரிலும்!

கடலோரத்தில் மட்டும்தான் இந்த ஆபத்து என்று நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் ஒஹையோ ஆற்றின் மேல் 'வெள்ளிப் பாலம்' என்று ஒரு தொங்கு பாலம் இருந்தது. 1928-ல் கட்டியது. அங்கிருந்து கடல் வெகு தூரம். 1967-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி மாலை, கிறிஸ்துமஸ் சாமான் வாங்கப் போனவர்களும் வேலை முடிந்து வீடு திரும்பியவர்களுமாகப் பாலம் நிறைய வண்டிகள். பாலம் அப்படியே ஆற்றில் விழுந்தது. 46 பேர் மாண்டார்கள்.

காரணம், சங்கிலி போல் பாலத்தைத் தாங்கிய இரும்புப் பட்டை ஒன்றில் இருந்த விரிசல். அதன் ஆழம் இரண்டு மூன்று மில்லி மீட்டர்தான். பட்டை ஓட்டையின் உட்புறத்தில், வர்ணம் பூசக் கை போகாத இடத்தில், ஈரமும் காற்றும் பாரமும் சேர்ந்து சுமார் 40 ஆண்டில் வளர்த்த விரிசல் அது. பாலத்தைக் கழற்றாமல் அதை யாராலும் பார்த்திருக்க முடியாது. அதற்குப் பிறகுதான் அமெரிக்கா முழுவதும் பாலங்களை முறை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது.

யார் பொறுப்பு?

ஹவாய் விபத்தை விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், "கடற்காற்றுதான் குற்றவாளி" என்று சொல்லி முடித்துவிடவில்லை. பசை விட்டதையும் விரிசலையும் கம்பெனியின் பராமரிப்பு முறை கண்டுபிடிக்கத் தவறியதே விபத்துக்குக் காரணம் என்றது. அது நியாயமான தீர்ப்பு என்றே படுகிறது. காற்றைத் தண்டிக்க முடியாது.

சர்க்கார் மேலும் வாரியம் குறை கண்டது. எல்லா மூட்டுகளையும் பாருங்கள் என்று விமானத்தைச் செய்த போயிங் கம்பெனி யோசனை சொல்லியிருந்தது. 1987-ல் சர்க்கார் போட்ட கட்டாய உத்தரவோ ஒரு வரிசை மூட்டை மட்டும் சொன்னது. உடைந்தது வேறு மூட்டு!

சோதனை செய்யும் தொழிலாளியின் கஷ்டத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பகல் முழுவதும் விமானம் பறக்கும். ஆகவே வேலை இரவில். உயரத்தில் ஏறி, விளக்கு வெளிச்சத்தில், வரிசை வரிசையாக ரிவெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நூறு ரிவெட் பார்த்ததும் கண் சொருகும். ஆயிரமாவது ரிவெட்டில் இருக்கும் மயிரிழை விரிசலை அந்தக் கண் பிடிக்க வேண்டும்.

விபத்து நடந்த அதே 1988-ல் பழைய விமானங்களைப் பற்றி ஆராய அமெரிக்காவில் சட்டம் இயற்றினார்கள். அரிப்பைத் தடுக்கத் தனித் திட்டம் வேண்டும் என்ற விதியும் தொடர்ந்து வந்தது. பயணத்தை எண்ணுவதோடு நிற்காமல், விமானத்துக்கு எத்தனை வயது, எங்கே எவ்வளவு அரித்திருக்கிறது என்றும் பார்க்கத் தொடங்கினார்கள்.

பாம்பனில் என்ன கேட்க வேண்டும்?

இனி நம் பாலத்துக்கு வருவோம். ரயில்களை எண்ணினால் புதிய பாம்பன் பாலம் இன்னும் குழந்தை. அந்தப் பாதையில் ஒரு நாளைக்கு ஓடும் ரயில்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனால் உப்புக் காற்று ரயில் அட்டவணையைப் பார்த்து வீசுவதில்லை. ரயில் இல்லாத நேரத்தில் அது இரும்பில் சிறு குழிகளைத் தோண்டும். ரயில் வரும்போது விரிசல் தொடங்க அந்தக் குழியே இடம் கொடுக்கும். வர்ணம் உரிந்த இடமும், பற்றவைப்பு சரியாகப் படியாத இடமும்தான் முதலில் பாதிக்கப்படும். ஆணையர் பற்றவைப்பையும் துருவையும் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது.

நமக்கு அறிவும் வசதியும் இல்லாமல் இல்லை. காரைக்குடியில் 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து வந்த நிலையம் அது. கடற்காற்று உலோகத்தை எப்படி அரிக்கிறது என்று ஆராய, பாம்பனுக்கு எதிர்க்கரையான மண்டபத்திலேயே அதற்கு ஒரு கிளை உண்டு.

ஆகவே, "பாலம் நூறு ஆண்டு தாங்கும்" என்ற பேச்சைவிட நமக்கு வேண்டியது வேறு. பற்றவைத்த இடங்களை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள்? கை போகாத, வர்ணம் எட்டாத இடுக்குகளை எந்தக் கருவியால் பார்க்கிறார்கள்? என்ன கண்டார்கள்? இதை ரயில்வே வெளியிட வேண்டும். வெள்ளிப் பாலம் விழுந்த நாட்டில் சாலைப் பாலங்களைப் பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதிக்கிறார்கள். எந்தப் பாலம் எந்த நிலையில் இருக்கிறது என்ற விவரத்தை அங்கே யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். ராமேசுவரத்துக்குச் சீட்டு வாங்குகிறவர்களுக்கும் அந்த விவரம் கிடைக்க வேண்டும்.